நட்டைப் பிடிப்பவள்

பெட்டியின் மேல் கோபுரம் என்று போட்டிருந்தது.
உள்ளே வளைந்த அலுமினியக் குழாய்கள்,
ஒரு பொட்டலம் போல்ட்,
மடித்த தாளில் படங்கள்.
படத்தில் முகமில்லாத இரண்டு பேர்:
ஒருவர் மேலே நின்று திருகுகிறார்,
ஒருவர் படகுக்குள் படுத்து நட்டைப் பிடிக்கிறார்.

ஆர்விட்டின் தோள் அந்தப் பொந்தில் நுழையாது.
அதனால்தான் கூப்பிட்டான்,
ஏழு மாதத்தில் முதல் முறையாக
வக்கீல் வழியாக இல்லாமல்.

வீட்டைப் பிரித்தாயிற்று. நாய் அவனுக்கு.
பத்தொன்பது அடி பைபர்கிளாஸை எப்படிப் பிரிப்பதென்று
நீதிபதிக்கே தெரியவில்லை.
ஒரு வாரம் அவனுக்கு, ஒரு வாரம் எனக்கு
என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்,
மின்னசோட்டாவில் கோடை மொத்தமே
பதினான்கு வாரம் என்று யோசிக்காமல்.

கோபுரம் டோவே வாங்கியது.
தூண்டில்கடையில் இரண்டு கோடை
புழு எண்ணி விற்ற காசு.
கயிறு உயரத்திலிருந்து இழுத்தால்தான்
வேக்போர்டு அலையை விட்டு எழும்புமாம்.

நூல் பிடித்து அளந்தோம்,
மூக்கு வளையத்திலிருந்து இடப்பக்கம், வலப்பக்கம்.
அரை அங்குலம் வித்தியாசம்.
நூலை மாற்றினான். அதே அரை அங்குலம்.
நூலை என் கையில் கொடுத்தான். அதே.
படகே கோணல்.
அச்சிலிருந்து கழன்றபோதே கோணல்.
பதினோரு கோடையாக அதில் உட்கார்ந்து
நேராகத்தான் போகிறோம் என்றிருந்தோம்.
"வித்தியாசத்தை ரெண்டு பக்கமும் பங்கு போட்டுடலாம்"
என்றான்.
பங்கு போடுவதில் இப்போது கெட்டிக்காரன்.

நீல டேப் ஒட்டி, பென்சிலால் புள்ளி வைத்து
டிரில்லை முதலில் பின்னோக்கிச் சுழலவிட்டான்,
மேல்பூச்சு விரிசல் விடாமலிருக்க.
மெல்லச் சுரண்டி, இடம் கேட்டு,
அதன் பிறகே முன்னோக்கி.
இந்தப் பொறுமையை எங்கே வைத்திருந்தான் இத்தனை நாள்?

முதல் ஓட்டை விழுந்ததும் யாரும் பேசவில்லை.
நல்ல படகில் வேண்டுமென்றே போட்ட ஓட்டை.
டோவேயின் இமையெல்லாம் வெள்ளைத் தூள்.

கோப்பை வளையத்தைக் கழற்றி
தோள்வரை கையை விட்டேன்.
இருட்டு. பழைய பெட்ரோல் வாடை, எலிப்புழுக்கை,
என்றோ தொலைந்த என் சன்கிளாஸின் ஒரு கால்.
அவன் முகம் தெரியாது.
போல்ட்டின் முனையாக மட்டும் வந்தான்,
சீலன்ட் பூசிக்கொண்டு, தலைக்கு மேலிருந்து.
பட்டை, வாஷர், நட்டு.
"பிடிச்சியா?"
"பிடிச்சேன்."
"விடாதே."
"விடலை."
பன்னிரண்டு போல்ட்டுக்கும் இதே பேச்சு.

பதினோராவதில் ஸ்பேனர் வழுக்கி
விரல் முட்டி கிழிந்தது.
நான் மூச்சு விடவில்லை.
மேலே அவன் கை நின்றது.
எப்படித் தெரிந்தது என்று ஒரு கணம்
என்னென்னவோ நினைத்தேன்.
நட்டு சும்மா சுற்றியிருக்கும், அவ்வளவுதான்.

நிமிர்த்தினோம். உலுக்கிப் பார்த்தோம்.
டோவே தொங்கி ஆடினாள், அசையவில்லை.
தொங்கியபடியே கேட்டாள்:
"அப்பா, கதவு எவ்வளவு உயரம்?"

மழைக்குப் பயந்து கராஜுக்குள் செய்த வேலை.
கதவு ஏழடி.
மடக்கிய பிறகும் கோபுரம்
ஏழடி ஓர் அங்குலம்.
உலகத்தையே நூல் பிடித்தவன்
கதவை அளக்கவில்லை.
உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவன்தான் முதலில் சிரித்தான்,
சிமென்ட் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து,
மடியில் டிரில்லோடு,
கண்ணில் நீர் வரும்வரை.

டிரெய்லர் டயர்களில் காற்றை இறக்கினோம்.
பக்கத்து வீட்டு ஹால்வர்சனையும்
அவருடைய பருத்த மருமகனையும்
பாரத்துக்காகப் படகில் ஏற்றி உட்கார வைத்தோம்.
இருவரும் ஊர்வலத்துக்குப் போகிறவர்கள் மாதிரி
கையை மடியில் வைத்துக்கொண்டார்கள்.
தள்ளினோம்.
கதவின் ரப்பர் ஓரம் குழாயின் முதுகை உரசி
விட்டுவிட்டது.

வெளியே தூறல். இந்த வாரம் என் முறை.
டயரில் காற்றில்லை, பம்ப் அவன் வண்டியில்.
எடுத்து வரப் போனான்.

என் நகக்கண்ணில் சீலன்ட் வெள்ளையாக ஒட்டியிருந்தது.
பெட்ரோல் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.
டியூபைத் திருப்பிப் படித்தேன்:
தண்ணீருக்கு அடியிலும் இறுகும்,
முழுதாக இறுக ஏழு நாள் ஆகும்,
அதுவரை அசைக்க வேண்டாம்.