அரைக் கிரெடிட்

மஞ்சள் தாளில் நான்கு பத்தி:
ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு.
நான்கு வருடத்தையும் வெள்ளிக்கிழமைக்குள்
வாழ்ந்து முடித்து
பெற்றோர் கையெழுத்தோடு தர வேண்டும்.
பென்சிலில்தான் எழுத வேண்டும் என்கிறார் பெலாஞ்சே சார்.
பேனாவில் எழுதிக் கொடுத்த பிள்ளை எவருக்கும்
எழுதியபடி நடந்ததில்லையாம்.

பள்ளியை விட்டு வெளியேற இருபத்திரண்டு கிரெடிட்.
ஆங்கிலத்துக்கு நான்கு, கணக்குக்கு நான்கு,
அறிவியலுக்கு மூன்று, சரித்திரம் குடிமையியல் சேர்த்து இன்னொரு மூன்று,
எண்ணி முடிப்பதற்குள்
ஹான்காக்கின் பனிவாரி வண்டி
எங்கள் தெருவை இரண்டு முறை சுரண்டிவிட்டுப் போய்விட்டது.

எனக்கு வேண்டியது வெல்டிங்.
வெல்டிங் மூன்றாம் பாடவேளை.
வேதியியலும் மூன்றாம் பாடவேளை.
ஊருக்கு ஒரே வெல்டிங் வாத்தியார்,
கூடைப்பந்துக்கும் அவரே, ஏழாம் நம்பர் பஸ்ஸுக்கும் அவரே.
சரி, பதினொன்றில் எடுக்கலாமென்றால்
அது ஒற்றைப்படை வருடங்களில் மட்டும்.
நான் பதினொன்றில் இருக்கப்போவது இரட்டைப்படையில்.
பிறந்த வருடத்தை யாரிடம் போய் மாற்றுவது?

ஜியோமெட்ரிக்கு முன்னால் அல்ஜீப்ரா.
அல்ஜீப்ரா போனால் கோடை விடுமுறை போச்சு.
விடுமுறை போனால் ஏரிக்கரை உணவகத்தில்
தட்டுக் கழுவும் வேலை போச்சு.
வேலை போனால் பழைய ஸ்னோமொபைலுக்கு
முன்பணம் கொடுத்த எழுபது டாலர் போச்சு.
எக்ஸின் மதிப்பைக் கண்டுபிடி என்று
எதற்கு இத்தனை நாள் கேட்டார்கள் என்பது
இப்போது புரிகிறது.

பதினொன்றரைக்கு அம்மா வந்தாள்,
மருத்துவமனைச் சலவையறையின் பிளீச் வாசனையோடு.
பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.
தொப்பியிலிருந்து பனி தாளில் சொட்டியது.
விரல் வரிவரியாய் இறங்கி
உடற்பயிற்சியில் நின்றது.
"இன்னும் அரைதானா?" என்றாள்,
பழைய கடன்காரனின் பெயர் காதில் விழுந்தவளைப் போல.

ஃபிரிட்ஜின் மேல் அந்தப் போட்டோ எப்போதும் இருக்கிறது:
நீல அங்கி, சதுரத் தொப்பி,
மேடையில் அட்டை உறையோடு அம்மா.
அங்கிக்குள் ஐந்து மாதமாய் நான்.
"அந்த உறைக்குள்ள என்ன இருந்தது தெரியுமா?
ஒரு துண்டுச் சீட்டு.
பாக்கி: உடற்பயிற்சி, அரை."

டாக்டர் ஓடக் கூடாது என்றார்.
பள்ளி, பிறகு வந்து ஓடு என்றது.
பிறகு ஓட ஆரம்பித்தது நான்,
என் பின்னால் அவள்.
அந்த ஓட்டத்துக்குக் கிரெடிட் எழுத
எந்தப் பத்தியிலும் இடமில்லை.

சலவையறை மேற்பார்வை வேலை மூன்று தடவை காலியானதாம்.
மூன்று தடவையும் விண்ணப்பத்தில்
ஒரே கேள்வியில் நின்றுவிட்டாளாம்.
பதினான்கு வருடம்.
நான் போட்டோவைத் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறேன்.

ஆறுதல் சொல்ல எனக்கு வராது.
ஸ்கேலை எடுத்தேன்.
பன்னிரண்டுக்கு வலப்பக்கம், தாளின் விளிம்பில்,
ஐந்தாவதாக ஒரு பத்தி கோடு போட்டு
மேலே எழுதினேன்: ஐலா கங்காஸ்.
கீழே: உடற்பயிற்சி, அரை.
"பைத்தியம்," என்றாள். "பெலாஞ்சே சிரிப்பார்.
என்னையும் அவர்தான் பென்சிலில் எழுதச் சொன்னார்."
ரப்பரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.
நான் தூங்கப் போய்விட்டேன்.

காலையில் தாள் டோஸ்டர் மேல் சாய்ந்திருந்தது.
கையெழுத்து இருந்தது.
ஐந்தாவது பத்தியும் இருந்தது.
உடற்பயிற்சி மட்டும் அழிந்து
அந்த இடத்தில்,
"பவுலிங், செவ்வாய் மாலை. ஒத்துக்கொள்வார்களா, கேள்."
பேனாவில்.

என் வெல்டிங்தான்
எந்தக் கட்டத்திலும் உட்காராமல்
ஓர் அம்புக்குறியோடு அலைந்துகொண்டிருக்கிறது.
ஏழாம் நம்பர் பஸ் திருப்பத்தில் தெரிகிறது.
ஏறியதும் அவரிடம் கேட்டுவிட வேண்டும்,
இரட்டைப்படை வருடங்களோடு
உங்களுக்கு அப்படி என்ன பகை என்று.