வயிற்றுவலி

சீனக்குடா மாவாலைக்குக் கோதுமை கொண்டுவந்த கப்பல்.
மூன்றாம் இரவு ஏஜென்சிக்கு அழைப்பு:
பிலிப்பைன்ஸ் பெடியன் ஒருவன்
இரும்புச் சுவரில் கையை அடித்து அடித்து
உடைத்துக்கொண்டானாம்.
ஏனென்று கேட்டால் சிரிக்கிறானாம்.

ரொடேலியோ. இருபத்தாறு வயது. எஞ்சின் அறை.
ஓட்டோவில் உட்துறைமுக வீதி முழுக்கச்
சிரித்துக்கொண்டே வந்தான்.
பஸ் நிலையத்தடியில் மான்கள்
ஷொப்பிங் பை தின்றபடி நின்றன.
உங்கள் மான்களுக்குப் பயமே இல்லையா என்றான்.
பசி இருக்கு என்றேன்.

நித்திரை? ஓகே.
குடி? கொஞ்சம்.
வேறு ஏதாவது?
தரையைப் பார்த்தான்.

டொக்டர் தேத்தண்ணிக்குப் போன பிறகு
எனக்குச் சொன்னான்.
வட்டமாக இருப்போம். ஒரே கிளாஸ்தான் சுற்றிவரும்.
முறை வரும்போது வேண்டாம் என்றவன்
எங்களில் ஒருவன் இல்லை.
பாகிகிசாமா, அதற்குப் பெயர்.
பிறகு மணிலாவில் ஷாபு,
இரண்டு பேரின் வேலைக்கு விழித்திருக்க.
நாங்கள் அதை ஐஸ் என்கிறோம்.
உருகாத ஐஸ்.

இலோயிலோவில் அத்தை வயலை விற்றுத்தான்
அவனைக் கப்பல் படிப்புக்கு அனுப்பினாளாம்.
உதாங் நா லோஓப்.
உள்ளுக்குள் இருக்கிற கடன் என்று விளக்கினான்.
வங்கிக்கென்றால் ஒருநாள் கட்டி முடியும்.
செஞ்சோற்றுக்கடன் என்ற சொல்லுக்கு
எட்டாம் வகுப்பில் எனக்கு முழுப் புள்ளி.
அது இவ்வளவு பாரமென்று
ஒருவரும் வினாத்தாளில் கேட்கவில்லை.

அத்தைக்குத் தெரியுமா?
'ஹியா' என்றான்.
ஆங்கிலத்தில் அதைத் தேடினான், அகப்படவில்லை.
கட்டுப்போட்ட கையால் முகத்தை மூடிக் காட்டினான்.
தேவையில்லை, தம்பி.
'நாலு சனம் என்ன சொல்லும்' என்று
என் அம்மா ஜன்னலைச் சாத்துகிற சத்தம்
எனக்குப் பழக்கம்.

படிவத்தில் ஒரு பெட்டி: நோயின் தன்மை.
உண்மையை எழுதினால் அடுத்த கொன்ட்ராக்ட் இல்லை.
வயிற்றுவலி என்று போடு, ப்ளீஸ்,
சிரித்தபடியே கேட்டான்.

போன ஆவணியில் இதே ஆஸ்பத்திரியில்
இப்படியொரு பெட்டியில் நான் அதையே எழுதினேன்.
மட்டிக்களியில் இன்றைக்கும் அயலட்டை
சுகிர்தனுக்கு அல்சர் என்று
இளநீர் கொண்டுவந்து தருகிறது.
நம்பித் தருகிறதோ,
நம்புகிற மாதிரி இருந்து தருகிறதோ.
நாங்களும் வாங்கிக் குடிக்கிறோம்.
அதுவும் ஒரு வட்டம், ஒரு கிளாஸ்.

பேனாவை உதறினேன். மை இருந்தது.
பஹாலா நா, என்றான். நடக்கிறது நடக்கட்டும்.

அப்போதுதான்,
ஒரு சொல் தமிழ் தெரியாத அவனுக்கு,
தமிழிலேயே சொன்னேன்:
என்ர தம்பிக்கு வயிற்றில ஒண்டுமில்லை.
அவனும் சுவரிலதான் அடிக்கிறவன்.
இரவில.
நாங்கள் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பம்.

ரொடேலியோ சிரிப்பதை நிறுத்தினான்.

டொக்டர் வாயைத் துடைத்தபடி திரும்பி வந்தபோது
பெட்டி இன்னும் வெறுமையாகத்தான் இருந்தது.