நான்காவது நிமிடம்

கிளாக்ஸ்விக் துறைமுகத்துக்கு மேலே,
மீன் பதனிடும் கூடத்தின் மாடியில்
எனக்கு ஒரு ஜன்னல், இரண்டு திரைகள்.
இழுவலைப் படகுக்காரர்களுக்கு
இயந்திர அறைத் தீயை அணைப்பது பற்றி
இணையவழிப் பாடம் செய்கிறேன்.
நான் எந்தத் தீயையும் அணைத்ததில்லை.

நாற்பத்தொரு பேர் தொடங்கினார்கள்.
நான்காவது நிமிடத்தில் முப்பது பேரைக் காணோம்.
வரைபடத்தில் கோடு
பாறை விளிம்பில் கால் தவறிய ஆடு மாதிரி
நேராகக் கீழே.

அந்த நிமிடத்தைத் திறந்து பார்த்தேன்.
கலங்கரை விளக்கம், அலை, பின்னால் பியானோ,
பதினோரு வால்வுகளின் பெயர்கள்,
திரையில் எழுதியிருப்பதையே
வாய்விட்டு வாசிக்கும் என் குரல்.
கண்ணும் காதும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு
இரண்டுமே உள்ளே போகவில்லை.
ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டுமாம்.
நான் கடலில் போட்டிருக்கிறேன்,
கூடை கூடையாக.

மனம் ஒரு நேரத்தில் பிடித்துக்கொள்வது
மூன்று, மிஞ்சினால் நான்கு.
இதைத் தேர்வில் எழுதி
நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான்.

பியானோவை அன்றைக்கே எடுத்துவிட்டேன்.
கலங்கரை விளக்கத்துக்கு ஒரு வாரம் ஆனது;
கல்சோய் தீவில் விரல் விறைக்க
நானே நின்று எடுத்த படம்.
வால்வுப் பெயர்கள் இருந்த இடத்தில்
ஒரு கேள்வி வைத்தேன்:
உங்கள் படகில் எண்ணெய் வால்வு எந்தப் பக்கம்?
அது அவர்களுக்குத் தெரியும்.
தெரிந்ததன் தோளில் தெரியாததை ஏற்றினேன்:
காற்றை அடை. எண்ணெயை அடை. ஆளை எண்ணு.
அதன் பிறகே வாயுவைத் திற.

பிறகு, மறக்கட்டும் என்று காத்திருந்தேன்.
மூன்றாம் நாள் ஒரு கேள்வி.
பத்தாம் நாள் அதே கேள்வி, வேறு சட்டையில்.
ஹெர்கேர், ஐம்பத்து மூன்று வயது,
தப்பாகப் பதில் சொல்லிவிட்டு எழுதினார்:
"இதை நீங்கள் சொல்லித்தரவே இல்லை."
சொல்லித்தந்திருந்தேன், இரண்டு முறை.
நேரம், நிமிடம், நொடியோடு மறுத்து எழுதி
அனுப்பாமல் அழித்தேன்.
போய்ச் சேராததைச் சொன்னதாக
எந்தக் கணக்கில் எழுதுவது?

பிப்ரவரியில்,
கரடித் தீவுக்கு வடக்கே எங்கிருந்தோ,
அதிகாலை மூன்று பத்துக்கு
அவருடைய பதில் வந்தது. சரி.
கூட ஒரு சொல் இல்லை.

முப்பதாம் நாள் கேள்வி எனக்கும் வரும்.
சோதனைக்காகப் பட்டியலின் கடைசியில்
ரன்வா என்று என் பெயரையும் சேர்த்திருந்தேன்.

காற்று.
எண்ணெய்.
மூன்றாவது

ஜன்னலுக்குக் கீழே ஒரு படகு
பின்வாங்கித் திரும்புகிறது.
மேல்தளத்தில் யாரோ ஒருவர்
விரலை நீட்டி நீட்டி
நிற்கிறவர்களை எண்ணுகிறார்.