ஏழரை மணி

விக்டோரியா ஸ்திரீட், ஒன்பதாம் மாடி.
நூறு வருஷத்தைப் படுக்கைக் கோடாக இழுத்து
பன்னிரண்டாயிரம் புகைப்படங்களைத்
தேதிப்படி நிற்கச் சொன்னேன்.

ஆண்டுகள் புல்லளவே முளைத்தன.
நடுவில் மட்டும்
முப்பது மாடி புளோக் போல ஒரு தூண்.
தொட்டால் சொல்கிறது:
1970, ஜனவரி ஒன்று, வியாழன், காலை ஏழரை.

அந்தக் காலையில்
புக்கிட் தீமாவில் இடுப்பளவு வெள்ளம்,
முந்நூற்றுச் சொச்சம் கல்யாணம்,
ஒருத்தியே பள்ளிச் சீருடையிலும்
பிரசவ வார்டிலும்,
நாற்காலியில் ஒரு நாய், கழுத்தில் மாலையோடு.

தேதி இல்லாத இடத்தில் சுழியம் விழுந்தால்
கணினி அங்கேதான் போய் நிற்கும்.
அதற்கு உலகம் தொடங்கிய நேரம் அது.
"ஏழரையா? அப்ப சரி," சிரித்தாள் மாதங்கி.
வெய் ஜுன் சிரிக்கவில்லை:
நாளை மேலிடம் பார்க்க வருகிறது, வடிகட்டிவிடு.

ஒற்றை வரிதான். எழுதினேன்.
தூண் மறைந்தது. வரைபடம் அழகானது.
நாலாயிரம் பேர் எங்குமில்லை.
நாய் இல்லை.

இரவு பத்தரை, ஏசி நின்றுவிட்டது.
அந்த வரிக்கு முன்னால் ஒரு குறியைப் போட்டு
அதை ஊமையாக்கினேன்.
தூண் எழும்பியது.

அன்று அப்படி என்னதான் நடந்தது
என்று நாளை கேட்பார்கள்.
சொல்வேன்:
படத்தின் பின்பக்கம்
யாரும் எதையும் எழுதவில்லை.