ஆறில் ஒன்று

அருங்காட்சியகத்தின் பின்கட்டில் டியூப் லைட்டின் கீழ்
ஏடன் கப்பலில் என்றோ பம்பாய் வந்திறங்கிய கல்.
பதிவேட்டில் எண் உண்டு, ஊர் இல்லை.
ஈரத்தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி
படியெடுப்பது என் வேலை.
தட்டத் தட்ட
தாளுக்குள் எழும்புகிறது எழுத்து.

வலமிருந்து இடமாக.
சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஒரு நெட்டைக் கோடு,
சால் குடித்தனங்களுக்கு நடுவே சுவர்போல.

மத்தியானம் பெர்க்மான்ஸ் அண்ணன் போன்.
"சீவ்ரி கல்லறைப் பத்திரத்தை என் பேருக்கு மாத்தறேன்.
நீ ஒரு கையெழுத்துப் போடு எஸ்கலின், போதும்.
மராத்தி வீட்டுக்கு வாக்கப்பட்டவ,
உன்னை எரிச்சிடுவாங்கல்ல?"
சிரித்தான்.
நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அந்தக் குழியில் அப்பா. அவருக்கு மேல் அம்மா.
அதற்கும் முன்னால் கஸ்பார் சித்தப்பா கிடந்தார்;
இடம் வேண்டி அள்ளியெடுத்து
சுவர் மாடத்தில் வைத்தோம், செருப்பு டப்பா அளவு.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய
ஆறடி மனுஷன்.

கல் கணக்குச் சொல்கிறது:
இந்தக் குழியில் பாதி, வெட்டியவனுக்கும் பிள்ளைகளுக்கும்.
மூன்றில் ஒன்று தம்பிக்கு.
மிச்சம் ஆறில் ஒன்று
உடன்பிறந்தவள்
ப் ர் த்.

அவ்வளவுதான் அவள் பெயர்.
அந்த எழுத்தில் உயிர் எழுதுகிற வழக்கமில்லை.
மெய்யை மட்டும் வெட்டி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்,
உயிரை வாசிப்பவர் கொடுக்க வேண்டும்.
பாரத்தா? புரைத்தாவா? பரீத்தா?
என் தமிழ் வாய்க்கு
'பிரித்து' என்றே வருகிறது.

கடைசி வரி சாபம்:
பங்கை மாற்றுகிறவனை அத்தர் முறிக்கட்டும்.
(அத்தர், வாசனை அல்ல. விடிவெள்ளித் தெய்வம்.)
முறிப்பதற்கு முன்பே கல்லின் மூலை
முறிந்திருக்கிறது.
யார் எதை மாற்றினார்களோ.

குழி என்பதற்கு அங்கே மூன்று மெய்: க் ப் ர்.
டோங்ரியில் பஸ் பலகையில் பார்த்திருக்கிறேன்
அதே சொல்லை, உயிரோடு.

ஐந்து மணிக்கு அண்ணனுக்கு வாட்ஸப் அனுப்பினேன்:
கையெழுத்துப் போட மாட்டேன்.
எனக்கு ஆறில் ஒன்று வேண்டும்.
கால் மடக்கிப் படுத்துக்கொள்வேன்.

நீல டிக் விழுந்தது.
'டைப்பிங்' என்று வந்தது, நின்றது,
வந்தது.

தாளின் ஓரத்தைக் கிள்ளிப் பார்த்தேன்.
உரித்துத் திருப்பினால் பின்பக்கத்தில்
எல்லாம் இடமிருந்து வலமாக ஓடும்,
நம் எழுத்துப்போல, மேடு பள்ளம் மாறி.
இன்னும் காயவில்லை.
ஜூலை மாதம். ஃபேனைக் கூட்டி வைத்தேன்.