பழசா, புதுசா

களனி பெருகி மூன்றாம் நாள்
வெள்ளவத்தைப் பள்ளிக்கூட வாசலில் லொறி நின்றது.
மதிலில் ஒட்டிய தாளில்
அரிசி, பருப்பு, பால்மா, பாய்,
பெண்களுக்கான நாப்கின்.
கீழே சிவப்பு மையில், இரண்டு கோடிட்டு:
பழைய துணி எடுக்க மாட்டோம்.

நான் கொண்டு போனது
மனோரஞ்சிதம் மாமியின் ட்ரங்குப் பெட்டி.
முச்சக்கர வண்டிக்குள் அது
பிடிவாதக்காரப் பிள்ளையைப் போல
என் முழங்காலை இடித்துக்கொண்டே வந்தது.

மாமிக்குத் தந்திக் கந்தோரில் வேலை.
சம்பள நாளில் புறக்கோட்டையில் இறங்கி
மூன்று யார் வாங்குவா.
வெட்ட மாட்டா.
"நல்ல நாள் ஒண்டு வரட்டும்" என்பா.
முட்டை மஞ்சள் வொயில்,
கிளிப்பச்சை நைலெக்ஸ்,
யாரோ சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த
கரையில் கப்பல் ஓடும் ஜோர்ஜெட்,
எல்லாம் வந்த மடிப்பிலேயே படுத்திருந்தன.
நல்ல நாளுக்குப் பதில் மாரடைப்பு வந்தது.
பெட்டி எங்களுக்கு வந்தது.
பதினாறு வருடம் அதன்மேல்
ரைஸ் குக்கர் இருந்தது.

கொப்பியோடு நின்ற பெடியன் இம்தியாஸ்
மூடியைத் திறந்து பார்த்துக் கேட்டான்:
"அன்ரி, பழசா, புதுசா?"

என்ன சொல்ல.
வாங்கி நாற்பத்திரண்டு வருடம்.
ஒரு தோளையும் தொட்டதில்லை,
ஊசி பட்டதில்லை, வேர்வை பட்டதில்லை.
கடைக்காரனின் பென்சில் கணக்கு
ஓரத்தில் இன்னும் அழியவில்லை:
மூன்று யார், ஐம்பத்தேழு ரூபா.
அந்தக் கடை இல்லை. அந்த விலை இல்லை.
வாங்கினவவும் இல்லை.
துணி மட்டும் புதுசு.

அவன் பேனையைக் கடித்தான்.
அந்துருண்டை மணத்துக்கு இரண்டு தரம் தும்மினான்.
பிறகு எழுதினான்:
துணி, பதினொரு துண்டு, புதுசு.

அடியில் இருந்தது ஒட்டுத்துணிப் போர்வை.
மாமி வெட்டித் தைத்தது அது ஒன்றுதான்.
முழுக்க ஆண்களின் சட்டைத்துணி,
ஒரே அளவுக் கழுத்துடைய சட்டைகள்.
ஆறு பொத்தான் துளைகளை மூடாமலே விட்டிருந்தா.
மாமி கலியாணம் கட்டவில்லை.
நாங்கள் கேட்கவும் இல்லை.

இதைத்தான் நான் பெரிய கொடை என்று நினைத்திருந்தேன்.
குளிரில் நடுங்கும் ஒரு பிள்ளை,
அதன்மேல் இது.
அந்தப் படத்தை மனதில் போட்டு
முச்சக்கர வண்டியில் கொஞ்சம் அழுதும் இருந்தேன்.

கொலன்னாவையிலிருந்து லொறியோடு வந்த கமலாவதி
சேறு காய்ந்த கால்களோடு கிட்ட வந்து
போர்வையைத் தூக்கி நிறை பார்த்தா.
"வடிவு" என்றா, தன் அரைத் தமிழில்.
"ஆனா வேணாம், மிஸ்.
நனைஞ்சா காயாது.
எங்கட மெத்தை மூணு ரோட்டில கிடக்கு,
செத்த மாடு மாதிரி."

மடித்தேன். பிழையாக மடித்து, திரும்ப மடித்தேன்.

அப்போதுதான் லொறிக்குள்ளிருந்து ஒருவன் கத்தினான்:
அடுப்பெல்லாம் உருளுது,
கீழ போட ஏதாவது தாங்கோ!
கமலாவதி என்னைப் பார்த்தா.
நான் தலையாட்டினேனா, ஞாபகம் இல்லை.
போர்வை மேலே பறந்து, விரிந்து,
ஆறு துளைகளிலும் ஒரு கணம்
கடல்பக்க வெளிச்சம் நுழைந்து வெளியேற,
அடுப்புகளுக்குக் கீழே போய்விட்டது.
கொப்பியில் அதற்கு ஒரு வரி இல்லை.
துருப்பிடித்த பெட்டியை மட்டும்
ஒன்றுமே கேட்காமல் எடுத்தார்கள்,
மருந்து வைக்க.

இரவு ஒஸ்லோவிலிருந்து மச்சாள் யசோதினி.
"அந்தக் கப்பல் கரை ஜோர்ஜெட்
எனக்கெண்டு வைச்சிரு, என்ன?"
இந்நேரம் அது கொலன்னாவையில்
கதவு அள்ளுண்டு போன ஒரு வீட்டின்
கதவாக இருக்கலாம்.
உள்ளே யாரோ உடுப்பு மாற்ற
வெளியே யாரோ மறுபக்கம் திரும்பி நிற்க,
கப்பல்கள் காற்றில் ஓடிக்கொண்டிருக்கலாம்.
"ஓம்" என்று சொல்லிவிட்டேன்.

ரைஸ் குக்கர் இப்போது தரையில்.
சோறு போடும் ஒவ்வொரு தரமும்
குனிய வேண்டியிருக்கிறது.