நாலு அங்குலம்

கொம்பனித்தெருக் கடையில்
துவான் சாலி கண்ணாடிமேல் கிடத்துகிறார்
அரைத்தானியங்கித் துவக்குக்கு இரண்டு குழல்.

பதினாறு, கைக்கு இலேசு.
அடுத்த குறிக்குத் திரும்பினால் கூடவே வரும்.
இருபதுக்கு முன்பாரம்;
ரவைக்கு இன்னும் கொஞ்சம் வேகம்,
முந்நூறு மீற்றரில் காற்று அவ்வளவாய் ஏய்க்காது.

"போட்டி எப்ப, மிஸ்?"

நான் வேறு கணக்கில் நின்றேன்:
முச்சக்கரவண்டிக்குள் குறுக்கே வைத்தால்
எது வெளியே நீட்டாது,
காலி வீதிச் சோதனைச் சாவடியில்
அடையாள அட்டையில் திலகேஸ்வரி என்பதை
இரண்டாம் தரம் வாசிக்கிறவர்
எந்தப் பெட்டியைக் காணாமல் விடுவார்.

அனுமதிப்பத்திரம்
மடித்து மடித்தே நடுவில் கிழிகிறது.

எந்த நீளமென்றாலும்
திறக்கத்தான் சொல்லப்போகிறார்கள்.

"இருபதைத் தாங்கோ" என்றேன்.